கார் மெத்தையில் கிழிசலா?

பேரையூர் வெயிலில் பகலெல்லாம் நின்ற காரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? தோசைக் கல்தான்! அந்தச் சூட்டில்தான் ரெக்ஸின் மெதுமை இழந்து, விறைத்து, வெடிக்கிறது.

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸடரைச் சில வீடுகளில் இன்னமும் விடாமல் வைத்திருக்கிறார்கள் அல்லவா? அதன் மெத்தையில் விரலளவு கிழிசலைக் கண்டதும் ஊசி நூலைத் தேடாதீர்கள், சகோதரிகளே! ரவிக்கைக்குச் சரி, ரெக்ஸினுக்கு ஆகாது. ஊசி குத்திய துளை இதில் மூடிக்கொள்வதில்லை. தபால் தலை ஓரம் மாதிரி துளை வரிசை விழுந்து, ஆள் உட்கார்ந்ததும் அதன் வழியே கிழியும். நான் அப்படித்தான் விரல் நீளத்தை முழ நீளமாக்கி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்!

கிழிசலைவிடச் சுற்றிலும் இரண்டு விரற்கடை பெரிதாகக் காடாத் துணி ஒன்றை வெட்டி, உள்ளே நுழைத்து, சுருக்கமில்லாமல் நீவுங்கள். செருப்புத் தைப்பவர்கள் உபயோகிக்கும் ரப்பர் பசையை, ஒரு குச்சியால் துணியின் மேலும் ரெக்ஸினின் அடியிலும் தடவுங்கள். கதவுகள் திறந்தே இருக்கட்டும். பக்கத்தில் நெருப்பு கூடாது. பசை சற்று உலர்ந்து பிசுபிசுக்கும்போது இரு ஓரங்களையும் சேர்த்து அழுத்தி, பலகை போட்டு, மேலே அம்மிக் குழவியை ஓர் இரவு வைத்து விடுங்கள்.

தையல் நூல் மட்டும் அறுந்திருந்தால், பழைய துளைகளிலேயே நைலான் நூல் கோத்துத் தைக்கலாம். புதுத் துளை ஒன்றுகூட வேண்டாம். ஸ்பிரிங்கே குத்துகிறதென்றால் மெத்தை தைக்கும் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.