பாதியில நிறுத்திக் காட்டுங்க, அப்புறம் தைரியம் பத்திப் பேசலாம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம். இன்னைக்கும் எழுதியிருக்க மாட்டேன். நம்ம சக பதிவர் ஒருத்தர் (பேர் வேண்டாம், நல்ல மனுஷர், என் மொக்கைப் பதிவுக்கும் தவறாம பின்னூட்டம் போடுறவர்) தலைகீழா நிக்கிறது பத்தி எழுதினதைப் படிச்சதுல ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. தலைகீழா நிக்காமலே!

அவர் சொன்னதோட சாராம்சம் இதுதான். பயம் மனசுல மட்டும்தான் இருக்கு. உடம்பு சொன்னபடி கேக்கும். கண்ணை மூடிக்கிட்டு காலை உதைச்சு ஏத்துங்க, ஒரே வாரத்துல வந்துடும். வராதவங்களுக்கு மனத்தடை. கீழே வரிசையா 'அருமை', 'சூப்பர் தல', 'நாளைக்கே ஆரம்பிக்கிறேன்'.

அந்த 'நாளைக்கே ஆரம்பிக்கிறேன்' போட்டவருக்காகத்தான் இந்தப் பதிவு. ஐயா, ஒரு நாள் பொறுங்க. இதைப் படிச்சுட்டு ஆரம்பிங்க.

முதல்ல என் தகுதியைச் சொல்லிடறேன். எனக்கு வயசு 39. ஒன்றரை வருஷமா அடையாறு பக்கம் ஒரு இடத்துல போல் டான்ஸ் கத்துக்கறேன். ஆமா, கம்பத்துல தொங்கறதுதான். புருவத்தைக் கீழே இறக்குங்க, அதுக்குக் கடைசியில வர்றேன். இதுல தலைகீழா போறது ஒரு பெரிய வாசல். கம்பத்தைப் பிடிச்சு, முட்டியை நெஞ்சுக்குச் சுருட்டி, இடுப்பைத் தோளுக்கு மேல தூக்கி, காலை ரெண்டு பக்கமும் விரிக்கணும். பார்க்க மூணு செகண்ட் வேலை. எனக்கு ஏழு மாசம் ஆச்சு.

ஏன் ஏழு மாசம்? கதை மயிலாப்பூர்ல ஆரம்பிக்குது.

எனக்குப் பத்து வயசு. எங்க வீட்டு மொட்டை மாடி. அப்பா தினமும் காலையில அங்கே சிரசாசனம் போடுவார். ஒரு நாள் "நீயும் போடும்மா, பயப்படாதே, நான் பிடிச்சுக்கறேன்"னு ரெண்டு காலையும் பிடிச்சு மேலே தூக்கிட்டார். எனக்குக் கையில பலம் இல்ல, தோள் எங்க வைக்கணும்னு தெரியாது. மொத்த எடையும் கழுத்துல. அவர் கையை எடுத்ததும் பக்கவாட்டுல சரிஞ்சேன். கழுத்துல 'கடக்'னு ஒரு சத்தம். பெருசா ஒண்ணும் ஆகல, நாலு நாள் திரும்ப முடியல, அம்மா தைலம் தேச்சு விட்டாங்க. வீட்டுல எல்லாரும் சொன்னது ஒண்ணே ஒண்ணு: "பயந்துட்டா, அதான் விழுந்துட்டா."

இந்த ஒரு வாக்கியத்துமேலதான் என் சண்டையெல்லாம். நான் பயந்ததால விழல. விழற மாதிரி இருந்ததால பயந்தேன். காரணத்தையும் விளைவையும் இடம் மாத்திப் போட்டு, முப்பது வருஷமா என்னை ஒரு பயந்தாங்கொள்ளின்னு நானே நம்பியிருக்கேன்.

கம்பத்துக்கு வந்தப்பவும் இதே கதை. முதல்ல போன இடத்துல (இப்போ போறது வேற இடம்) ரெண்டாவது மாசமே "ரொம்ப யோசிக்கறீங்க, மனசை விடுங்க, உதைங்க"ன்னாங்க. உதைச்சேன். போயிட்டேன்! எல்லாரும் கை தட்டினாங்க. அப்புறம்தான் தெரிஞ்சது, எனக்கு இறங்கத் தெரியாதுன்னு. மேலே போனது என் பலத்துல இல்ல, உதைச்ச வேகத்துல. அந்த வேகம் தீர்ந்ததும் கையில ஒண்ணும் இல்ல. வழுக்கிட்டு வந்து தோள்ல இறங்கினேன். மூணு வாரம் தலை சீவ முடியல.

இப்ப இருக்கற டீச்சர் முதல் நாளே கேட்ட கேள்வி இது: "பாதி வழியில நிறுத்த முடியுமா?"

முட்டியை நெஞ்சுக்குக் கொண்டு வந்து, இடுப்பு பாதி ஏறின இடத்துல, மூணு எண்ணுற வரைக்கும் நின்னு, அதே வழியில மெதுவா திரும்பி இறங்கணும். முடிஞ்சா உங்க உடம்பு தயார். அதுக்கப்புறமும் பயம் இருந்தா அது பழைய பயம், அதைப் பேசித் தீர்த்துக்கலாம். நிறுத்த முடியாம உதைச்சாத்தான் ஏறுதுன்னா, உங்க பயம் சொல்றது உண்மை. பலம் போதலைன்னு அது ஒழுங்கா ரிப்போர்ட் கொடுத்துட்டு இருக்கு. ரிப்போர்ட் கொடுக்கறவனை அடிச்சுத் துரத்தாதீங்க.

எனக்கு முடியல. அதனால கீழேருந்து ஆரம்பிச்சோம். மல்லாந்து படுத்து, தலைக்குப் பின்னாடி கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு, இடுப்பைச் சுருட்டித் தூக்கி, அதைவிட மெதுவா இறக்கணும். ஏத்தறதைவிட இறக்கறதுதான் வயித்தைப் பிழியுது. அப்புறம் கம்பத்துல சும்மா தொங்கறது. முதல் நாள் எட்டு செகண்ட், மூணு மாசத்துல முப்பது. அப்புறம் நின்ன இடத்துலேருந்து, கம்பம் கக்கத்துக்கும் இடுப்புக்கும் நடுவுல ஒட்டியிருக்க, முட்டியைச் சுருட்டிப் பின்னாடி சாயறது. டீச்சர் கை என் இடுப்புல இருக்கும், கால்ல இருக்காது. காலைப் பிடிச்சுத் தூக்கறது உதவி இல்ல சாமி, அது தள்ளி விடறது. (அப்பா, இதைப் படிச்சா மன்னிச்சுக்கோங்க.)

தலை கீழே போனதும் மூளைக்குக் குழப்பம் வரும். காதுக்குள்ள இருக்கற சமநிலை உறுப்பு ஒண்ணு சொல்லும், கண்ணு ஒண்ணு சொல்லும். "வலது காலை மடக்குங்க"ன்னா நான் இடது காலை மடக்குவேன். இதை மனத்தடைன்னு சொல்றவங்க ரயில்ல உறங்கி எழுந்து எந்த ஸ்டேஷன்னு தெரியாம முழிக்கறதையும் மனத்தடைன்னுதான் சொல்லணும். நூறு தடவை போய் வந்தா பழகிடும், அவ்வளவுதான்.

சென்னைக்குன்னே ஒரு தடை இருக்கு: வேர்வை. கம்பத்துல உடம்பைப் பிடிச்சு நிறுத்தறது தோலோட உராய்வு. மே மாசம் தி.நகர்லேருந்து பஸ் பிடிச்சு வகுப்புக்கு வந்து இறங்கற எனக்கு உள்ளங்கையில கூவமே ஓடும். ஏசியைக் கூட்டினா கம்பம் ஜில்லுன்னு ஆகி அப்பவும் வழுக்கும். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுக்கிட்டே இருக்கணும். தீபாவளி எண்ணெய்க் குளியல் முடிச்சுட்டு வகுப்புக்குப் போனது என் வாழ்நாள் முட்டாள்தனங்கள்ல ஒண்ணு. ஏறவே இல்ல, சறுக்கு மரம்தான். அன்னைக்கு வந்த பயமும் மனப் பிராந்தியா?

"எங்க தாத்தா பாட்டி எல்லாம் யோசிச்சா செஞ்சாங்க"ன்னு நம்ம பதிவர் ஒரு வரி எழுதியிருந்தார். சரி, பாரம்பரியத்துக்கே வர்றேன்.

நம்ம ஊர்லயே கம்பம் இருக்கு. மல்லர் கம்பம். தேக்கு மரத்துல ஏறி தலைகீழா ஆசனம் போடுறது. வடக்கே மல்லகம்ப். நம்ம மாநிலத்துல விழுப்புரம் பிள்ளைங்க இதுல கெட்டி. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில இதுவும் ஒரு பிரிவு. வேடிக்கை என்னன்னா, நாங்க வழுக்கக் கூடாதுன்னு ஸ்பிரிட் போடுறோம், அவங்க மரத்துல விளக்கெண்ணெய் தடவறாங்க. அந்தப் பிள்ளைங்க பண்றதைப் பார்த்தா பறக்கற மாதிரி இருக்கும். அதைப் பார்த்துட்டு 'பயமே இல்ல பாரு'ன்னு சொல்றோம். தரையில, மெத்தையில, ஆசிரியர் கை பிடியில அவங்க போட்ட வருஷங்கள் நம்ம கண்ணுக்குத் தெரியறதில்ல.

இன்னொரு உதாரணம் எங்க பேட்டையிலேருந்தே. யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார். 1930கள்ல மைசூர் அரண்மனை ஆதரவுல பாடம் நடத்தினப்ப ரொம்பக் கறாரானவர். அவர் மாணவர் பி.கே.எஸ். ஐயங்கார் பின்னாளில் தானே சொன்ன சம்பவம்: ஒரு செயல்விளக்கத்துல ஆசான் திடீர்னு ஹனுமானாசனம் போடச் சொன்னார். பழக்கமே இல்லாம போட்டு ஐயங்காருக்குத் தொடைத் தசை கிழிஞ்சது. அதே ஆசான் 1952ல் சென்னைக்கு வந்தார். 1989ல் இறக்கற வரைக்கும் இங்கேதான். இங்கே அவர் பேர் வாங்கினது எதுக்கு? வர்ற ஆளோட வயசு, உடம்பு, நோய் பார்த்து ஆளுக்கு ஏத்த மாதிரி பாடம் சொன்னதுக்கு. 1976ல் அவர் மகன் தேசிகாச்சார் ஆரம்பிச்ச யோக மந்திரம் இன்னைக்கும் மந்தைவெளியில இருக்கு, இதே வழியிலதான் சொல்லிக் கொடுக்கறாங்க. ஆசனத்துக்கு ஆளை வளைக்காதே, ஆளுக்கு ஆசனத்தை வளைன்னு. அத்தனை பெரிய ஆசானே போய்ச் சேர்ந்த இடம் அது. நாம ஒரு வாரத்துல தலைகீழா நிக்க வைக்கக் கிளம்பறோம்.

இப்போ உடம்பு சொல்றதைக் கேக்காத தைரியசாலி கதை. எங்கப்பாதான். நாற்பது வருஷம் ஒரு நாள் விடாம சிரசாசனம். பெருமையான பெருமை. மூணு வருஷம் முன்னாடி கண் பரிசோதனையில குளுக்கோமான்னு தெரிஞ்சது. டாக்டர் முதல்ல நிறுத்தச் சொன்னது சிரசாசனத்தை.

சும்மா சொல்லல. நம்ம சென்னை சங்கர நேத்ராலயா ஆட்களே இதை ஆராய்ஞ்சு 2006ல் ஒரு கண் மருத்துவ இதழ்ல வெளியிட்டிருக்காங்க. யோகா பழகற 75 பேரைச் சோதிச்சாங்க. சிரசாசனத்துல இருக்கறப்ப கண்ணோட உள் அழுத்தம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுது. நியாயமா அடுத்த பாதியையும் சொல்லணும்: யோகா பழகறதால அவங்களுக்கு நிரந்தரமா கண் அழுத்த நோய் அதிகமா இருந்ததா அந்த ஆய்வு சொல்லல. அதனால சிரசாசனம்தான் அப்பா கண்ணைக் கெடுத்துச்சுன்னு நான் சொல்ல வரல. ஏற்கெனவே குளுக்கோமா இருக்கறவங்களுக்கு அந்த ரெண்டு மடங்கு சின்ன விஷயமில்ல, அவ்வளவுதான்.

அப்பா என்ன பண்ணினார்? ஒரு மாசம் எங்களுக்குத் தெரியாம மாடியில போட்டுக்கிட்டு இருந்தார். "எனக்கு ஒண்ணும் ஆகாது, மனசு உறுதியா இருந்தா போதும்"னார். அம்மா போய் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாங்க. தலைகீழா நிக்கப் பயந்த எனக்கு மனத்தடைன்னா, நிறுத்தப் பயந்த அவருக்கு என்ன பேர்? 'பயம் பொய்'ங்கற மந்திரம் கடைசியில கொண்டு போய் விடற இடம் இதுதான் மக்களே. எச்சரிக்கைக்கும் கோழைத்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிடுது.

அதுக்காக பயம் எப்பவும் சரின்னு சொல்ல வரல. ஏழாவது மாசம் எனக்குப் பாதியில நிறுத்த முடிஞ்சது. மூணு எண்ணினேன், அஞ்சு எண்ணினேன், மெதுவா இறங்கினேன். கணக்குப்படி தயார். ஆனாலும் இடுப்பு தோளைத் தாண்டற இடத்துல கழுத்துக்குள்ள அந்த பழைய 'கடக்' கேக்கும், இறங்கிடுவேன். பத்து வயசுப் பொண்ணு பிடிச்சு இழுத்துட்டு இருந்தா. அவளை நான் திட்டல. "இங்க தலையில எடையே இல்லம்மா, கையில இருக்கு, பாரு"ன்னு ஒவ்வொரு தடவையும் அரை சாண் கூடப் போய்க் காட்டினேன். ஒரு வியாழக்கிழமை, கை தட்ட யாரும் இல்லாத நேரத்துல, சத்தமில்லாம போயிட்டேன். ஜன்னல்ல தெரிஞ்ச வேப்ப மரம் தலைகீழா இருந்தது. இறங்கியும் வந்தேன். அதுதான் முக்கியம்.

கடைசியா, புருவம். "பொம்பளைக்குக் கம்பமா, அரைக்கால் டிரவுசரா"ன்னு கேக்கறவங்களுக்கு: துணி வழுக்கும், தோல் பிடிக்கும். இது இயற்பியல். மல்லர் கம்பத்துல பையன் கோவணத்தோட ஏறறப்ப யாரும் கேக்கறதில்ல. இதே அடையாறுல 1935ல் ருக்மிணி தேவி மேடையேறி ஆடினப்ப, நல்ல குடும்பத்துப் பொண்ணு ஆடலாமான்னு முகம் சுளிச்ச ஊர்தான் இது. இன்னைக்கு மயிலாப்பூர்ல தடுக்கி விழுந்தா பரதநாட்டிய வகுப்பு. என் மனத்தடையில பாதி இந்தப் புருவங்களால வந்தது. 'மனத்தடையை உடை'ன்னு எனக்குச் சொல்றதுக்குப் பதிலா நீங்க புருவத்தை இறக்கினா, எனக்கு ரெண்டு மாசம் மிச்சமாகியிருக்கும்.

நண்பரே, உங்க மேல கோபம் இல்ல. உங்க பதிவுல ஒரு வரி மட்டும் சேர்த்துடுங்க: 'பாதியில நிறுத்தி இறங்க முடியாதவங்க உதைக்க வேண்டாம்.' அது போதும். அந்த 'நாளைக்கே' ஆசாமி கழுத்து தப்பிக்கும்.

டிஸ்கி: கண் அழுத்தம், ரத்த அழுத்தம், கழுத்து எலும்புத் தேய்மானம் இருக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம இதுல இறங்காதீங்க. நான் டாக்டர் இல்ல, ஆணி பிடுங்கறவ.

பி.கு: அப்பா இப்போ மாடியில சும்மா நாற்காலி போட்டு உக்காந்து காக்காவுக்குச் சோறு வைக்கிறார். நேத்து என் வீடியோவைக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்துட்டு, "யாரும் காலைப் பிடிக்கலையே?"ன்னார். இல்லப்பான்னேன்.