காய்ச்சினாலும் போகாதது



சென்ற இதழின் தீவனக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: “பூசணம் பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால்தான் என்ன? பாலைக் காய்ச்சித்தானே குடிக்கிறோம்?”

நியாயமான கேள்விதான். ஆனால் காய்ச்சினால் சாவது கிருமி. அஃப்ளாடாக்சின் கிருமியல்ல, பூஞ்சை விட்டுப்போன நஞ்சு. பால் பொங்குகிற சூட்டுக்கெல்லாம் அது மசியாது. கடலைப் புண்ணாக்கில் உள்ள பி1 என்ற அஃப்ளாடாக்சின், மாட்டின் ஈரலில் எம்1 என்ற வடிவமாக மாறிப் பாலில் இறங்கிவிடும். 2019-இல் வெளியான தேசியப் பால் ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் இந்த எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் நாம்தான் முதலிடம். வேறு எதிலாவது வாங்கியிருக்கலாம்!

இந்த இதழின் முகப்புக் கட்டுரை, இத்தகைய நஞ்சுகளை உடைக்கும் பாக்டீரியா நொதிகளைப் பற்றியது. நன்றாகக் கைகூடியிருப்பது மக்காச்சோளத்தில் வரும் ஃபியூமோனிசின் விஷயத்தில். குதிரையின் மூளையைக் கூழாக்குகிற, பன்றியின் நுரையீரலில் நீர் கோக்கவைக்கிற நஞ்சு அது. நீண்ட சங்கிலி, பக்கவாட்டில் இரண்டு கிளைகள். இதுதான் அதன் உருவம். ஸ்பிங்கோபிக்சிஸ் என்ற பாக்டீரியாவின் நொதி அந்தக் கிளைகள் இரண்டையும் கத்தரித்துவிடுகிறது. மிஞ்சும் சங்கிலியின் நச்சுத்தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அந்த நொதிக்கான மரபணுவை ஈஸ்ட்டில் புகுத்தி, தொட்டிகளில் பெருக்கி எடுக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பன்றித் தீவனத்துக்கும், 2017-இல் கோழித் தீவனத்துக்கும் அனுமதி தந்தது.

இதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. மூட்டையில் இருக்கும்வரை அந்த நொதி சும்மா கிடக்கும். உலர்ந்த தீவனத்தில் அதற்கு வேலையே ஓடாது. குடலின் ஈரமும் சூடும் கிடைத்த பிறகுதான், நஞ்சு ரத்தத்தில் சேருமுன் முந்திக்கொண்டு வெட்டுகிறது. ஆகவே தீவனத்தைச் சோதித்தால் நஞ்சு இருப்பதாகவே காட்டும். வாங்குகிறவரிடம் இதை எப்படிச் சொல்லி விற்கிறார்களோ!

நம்மை வாட்டும் அஃப்ளாடாக்சின் இன்னும் பிடிகொடுக்கவில்லை. அதை அகற்றும் பாக்டீரியாவைப் பற்றி 1966-லேயே ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது. ஆனால் வளையங்கள் பின்னிய மூலக்கூறு அது. கத்தரித்துவிட எளிதான கிளைகள் இல்லை. உடைத்தாலும், உடைந்த துண்டு என்ன செய்யும் என்று தனியே பார்த்தாக வேண்டும். தீவனக் கடையில் ‘டாக்சின் பைண்டர்’ என்று தருகிறார்களே, அவற்றில் பல களிமண் வகைகள். அவை நஞ்சை ஒட்டிக்கொண்டு சாணத்தோடு வெளியேற்றுமே தவிர, உடைப்பதில்லை. நொதி வருகிறது என்று நம்பிக் கடலையைப் பச்சையாக மூட்டை கட்டிவிடாதீர்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க, குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்கும்வரை காயட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கிறேன். அடுத்த முறை தீவனம் வாங்கும்போது, மூட்டையில் அஃப்ளாடாக்சின் அளவு அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். இல்லையென்றால், கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்பதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்