கூவம் செய்த குற்றமென்ன?

1858ஆம் ஆண்டுக் கோடை. தேம்ஸ் ஆற்றங்கரையிலே கொலுவிருந்த பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குள் நாற்றம் நுழைந்தது. திரைகளைச் சுண்ணாம்புக் கரைசலில் தோய்த்துத் தொங்கவிட்டனர், அடங்கவில்லை. மூன்று முறை காலரா வந்து லண்டன் மக்களை வாரிச் சென்றபோதெல்லாம் தயங்கி நின்ற மன்றம், தன் மூக்கிலே நெடி ஏறியதும் பதினெட்டே நாட்களில் சட்டம் இயற்றியது! பொறியியலாளர் ஜோசப் பேசல்கெட், ஆற்றில் விழுந்த சாக்கடைகளை மறித்துக் கிழக்கே திருப்பினார். தூய்மைப்படுத்தியா? இல்லை. நகருக்கு அப்பால், அதே ஆற்றில், அப்படியே கொட்டினர்.

லண்டன் அன்று அழுக்கை இடம் மாற்றியது. சென்னையோ, ஆளை இடம் மாற்றியது!

கூவம் நாறுகிறது என்றதும் நீளும் விரல் எதைச் சுட்டுகிறது? கரையோரக் குடிசையை. அங்கிருந்தோர் பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டனர். பிழைப்பு ஒரு கோடி, படுக்கை மறுகோடி. வெள்ளத்திலிருந்து காக்க வேறிடம் தருவது வேறு. அழுக்கின் பழியைச் சுமத்தி விரட்டுவது வேறு. குடிசை போயிற்று, நாற்றம் போயிற்றா?

எப்படிப் போகும், தோழர்களே! புழங்கிய நீர்தானே கழிவுநீர்? குடமேந்தி வரிசையில் நின்றவள் எத்தனை குடம் கொட்டியிருப்பாள்? மாடி வீட்டுக் குளியலறையும், விடுதியின் சமையற்கட்டும், சலவை இயந்திரமும் கக்கும் நீர், மழைநீர் வடிகாலிலே கள்ள இணைப்புப் பெற்று ஆற்றை அடைகிறது. பாதாளச் சாக்கடை எட்டாத புறநகரிலே, மலக்குழியை உறிஞ்சிய லாரி இருட்டில் ஓடை தேடுகிறது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆற்றின் உயிர்க்காற்றையும் குடித்துவிட, மீன் மூச்சுமுட்டிச் சாகிறது. ஆகாயத்தாமரை மட்டும் கொழிக்கிறது. பிறகென்ன? தூர் வார ஒப்பந்தம், தொடக்க விழா, மாலை, மரியாதை!

சட்டமில்லையா? நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974இலேயே வந்தது. வழி தெரியாதா? கழிவுநீரை நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் நன்னீராக்கித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் திறனுள்ள நிலையம், கோயம்பேட்டிலே 2019இல் எழுந்தது. குழாய் வழியே வந்தால் செல்வம். கள்ள வழியே போனால் கூவம். ஆகவே, கொள்கை ஆற்றங்கரையில் தொடங்கக்கூடாது. வீட்டு முற்றத்திலே தொடங்கவேண்டும். ஏழைக்கு இலவச இணைப்பு. இணைப்பிருந்தும் ஏய்ப்பவனுக்குத் தண்டம். அடைப்பெடுக்க எந்திரம். சாக்கடைக்குள் மனிதனை இறக்காதே என்று 2013இல் சட்டம் சொன்ன பின்னரும், இறங்குகிறான், இறக்கிறான் நம் தோழன். இந்தக் கணக்கை எந்த ஒப்பந்தக்காரரும் எழுதுவதில்லை.

வட்டக் கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. மழையில்லாத நாளொன்றில், உங்கள் தெருவின் மழைநீர் வடிகால் அருகே நில்லுங்கள். உள்ளே நீரோடும் ஓசை கேட்டால், அது எந்த மாளிகையிலிருந்து வருகிறது என்பதைக் குறித்து, மாநகராட்சி மன்ற உறுப்பினரிடம் கையொப்பத்தோடு கொடுங்கள்.