சாமன் சுமந்த தண்ணீர்

"பெற்றவர்களை அழவிட்டுப் பிள்ளையைத் துறவுக்கு இழுத்துப் போகிற மதம்தானே அது!" பௌத்தத்தின் மேல் காலம் காலமாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு இது. அப்படிச் சொல்பவர்கள் ஜாதகக் கதைகளில் 540-வதான சாம ஜாதகத்தை ஒருமுறை படிக்க வேண்டும்.

கதை காட்டில் தொடங்கவில்லை, சாவத்தி நகரில் தொடங்குகிறது. பணக்கார வணிகரின் ஒரே மகன், பெற்றோர் தடுத்தும் கேளாமல் பிக்கு ஆகிறான். கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் குத்தகைக்காரர்களும் வேலைக்காரர்களும் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு போகிறார்கள். (மேற்பார்வை இல்லாத வியாபாரம் அன்றும் இப்படித்தான்!) பெற்றோர் பிச்சை எடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறார்கள். பல வருடம் கழித்து இதை அறிந்த மகன், தனக்குக் கிடைத்த பிச்சையிலேயே அவர்களைக் காப்பாற்றுகிறான். தானமாக வந்த உணவை இல்லறத்தாருக்குக் கொடுக்கலாமா என்று மற்ற பிக்குகள் புகார் செய்கிறார்கள். புத்தரோ அவனைப் பாராட்டிவிட்டுத்தான் முற்பிறவிக் கதையைச் சொல்கிறார்.

அந்தப் பிறவியில் போதிசத்துவர் சாமன். பாம்பின் நச்சு மூச்சால் கண் இழந்த பெற்றோருக்குக் காய்கனியும் தண்ணீரும் கொண்டுவருபவன். தண்ணீர் எடுக்கும்போது காசி அரசன் பிலியக்கன் விஷ அம்பு எய்கிறான். மான்கள் மிரண்டதால் எய்தேன் என்று ஒரு பொய் வேறு. "மான்கள் என்னைக் கண்டு மிரளாதே" என்கிறான் சாமன். அவனிடம் கோபம் இல்லை. இனி அவர்களுக்கு யார் சோறு தருவார்கள் என்பதுதான் அவன் கவலை.

தசரதன் கதை நினைவுக்கு வருகிறதா? வால்மீகியில் அந்தப் பிள்ளை இறந்துவிடுகிறான், தகப்பன் சபிக்கிறார். இங்கே பெற்றோர் சபிக்கவில்லை. மகனின் நற்குணத்தைச் சொல்லிச் சத்தியம் செய்கிறார்கள். மகன் எழுகிறான், அவர்களுக்குப் பார்வையும் திரும்புகிறது. சாஞ்சி முதல் தூபியின் மேற்கு வாயிலிலும், அஜந்தா 10-ம் குகையிலும் இந்தக் கதை இருக்கிறது.

அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சாவத்தி மகனைக் கவனியுங்கள். பெற்றோர் சொல்லை மீறியவன் அவன். துறவையும் அவன் கைவிடவில்லை. 'தாய் தந்தை சொன்னால் மறுபேச்சுப் பேசாதே' என்பதை மட்டுமே பக்தி என்று சொல்லித் தருகிறோம். இந்தக் கதை அதைக் கேட்கவே இல்லை. வயதான இருவர் இன்று சாப்பிட்டார்களா என்றுதான் கேட்கிறது.