மிஞ்சிய சோறு யாருக்கு?

ஐஸ்பெட்டியைத் திறந்தால் இரண்டாவது தட்டில் ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா இருக்கும். பிள்ளைகள் ஆசையாக எடுத்துத் திறப்பார்கள். உள்ளே மூன்று நாளைக்கு முன் வைத்த சாம்பார். ஏமாந்து மூடிவிட்டுப் போவார்கள். பீடோங், லூனாஸ், அலோர்ஸ்டார் என்று கெடாவில் எந்தத் தாமானில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்த டப்பாவைப் பார்க்கலாம். நான்காம் நாள் அது குப்பைக்குப் போகும். இல்லையென்றால் அம்மாவின் தட்டுக்குப் போகும்.

உணவு விரயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்க்கிறார்கள். அம்மாவின் தட்டை யாரும் பார்ப்பதில்லை. இந்த வாரம் அதையும் சேர்த்தே பேசிவிடுவோம்.

நாட்டுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். திடக்கழிவு நிர்வாகத்தைக் கவனிக்கும் எஸ்.டபிள்யூ.கார்ப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இது: மலேசியாவில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 17,000 டன் உணவு குப்பைக்குப் போகிறது, அதில் சுமார் 4,000 டன் இன்னும் சாப்பிடக்கூடிய நிலையில் இருப்பது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையோ, 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்றும் அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து வந்தது என்றும் சொல்கிறது. திருமண மண்டபத்தையும் நோன்புச் சந்தையையும் காட்டிவிட்டு நாம் நழுவ முடியாது. குப்பை லாரி வாரத்துக்கு இரண்டு முறைதான் நம் வாசலுக்கு வருகிறது. லாரி போன மறுநாள் கொட்டிய மீன்குழம்பு அடுத்த லாரி வரும்வரை வெயிலில் கிடந்து என்ன ஆகும் என்பதைத் தெருப் பூனைகள் சொல்லும்.

இனி அம்மாவுக்கு வருவோம். வீடு எதுவானாலும் பேச்சு ஒன்றுதான்.

“ஏம்மா, பழசத் தூக்கிப் போட வேண்டியதுதானே?”

“சோத்தப் போயி தூக்கிப் போடச் சொல்றியேய்யா!”

சொல்லிக்கொண்டே அம்மா அதைத் தன் தட்டில் போட்டுக்கொள்வார். சுடச்சுடப் புதுச் சோறு மகனுக்கும் மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும். முந்தாநாள் கறி, அடிப்பிடித்த சோறு, பிள்ளைகள் பாதி கடித்து வைத்த தோசை இதெல்லாம் அம்மாவுக்கு. குப்பையில் எதுவும் விழவில்லை என்பதால் அந்த வீட்டில் விரயமே இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால், பசிக்காத நேரத்தில் வயிற்றுக்குள் தள்ளிய சோறும் விரயம்தான். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. இனவாரியாகப் பார்த்தால் முதலிடம் நமக்கு. மிச்சம் தீர்ப்பதை ஒருவருடைய பொறுப்பாக விட்டுவைத்திருக்கும் வீடுகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அம்மாவுக்கு ஏன் மனம் வருவதில்லை? அதற்குத் தோட்டத்துப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலம். அரிசி பங்கீடாகி, பிறகு பங்கீட்டிலும் கிடைக்காமல் போனது. 1943 அக்டோபரில் கெடா சயாம் நிர்வாகத்துக்குக் கைமாறியது. தோட்டத்து ஆண்களில் பலர் சயாம் ரயில் பாதைக்குப் போனார்கள், திரும்பாதவர்கள் அதிகம். லயத்தில் மிஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அந்தத் தலைமுறையிடம் வளர்ந்தவர்கள்தாம் இன்று நம் வீட்டு அம்மாக்களும் பாட்டிகளும். ஒரு கைப்பிடிச் சோற்றைக் கொட்டும்போது அவர்கள் முகம் சுருங்குவதைக் கஞ்சத்தனம் என்று சொல்லக் கூடாது.

இன்னொன்றும் இருந்தது. மிஞ்சியதை வாங்கிக்கொள்ள லயத்துக்குப் பின்னால் ஆள் இருந்தது: மாடு, ஆடு, கோழி. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல், ஊசிப்போன குழம்பு எல்லாம் கழனித்தொட்டிக்குப் போகும்; மறுநாள் பாலாகவும் முட்டையாகவும் திரும்பி வரும். விடியுமுன் பெரட்டுக்கு ஓடுகிறவருக்கு இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறுதான் பசியாறல். அதாவது மிச்சம் என்ற ஒன்று தோட்டத்தில் இல்லவே இல்லை. மறுவேளைச் சாப்பாடு என்றுதான் அதற்குப் பெயர்.

பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டானது. குடும்பங்கள் சுங்கைப்பட்டாணிக்கும் கூலிமுக்கும் வந்து சேர்ந்தன. மாடு வரவில்லை, கழனித்தொட்டி வரவில்லை. வந்தது பெரிய பானையும், “யாராவது வந்தா?” என்ற கேள்வியும்தான். லயத்தில் யாராவது வந்தார்கள். தாமானில் வருகிறவர் கைப்பேசியில் சொல்லிவிட்டு வருகிறார். பாதி நாள் புங்குஸ் கட்டி வாங்கியும் வருகிறார்.

ஆகவே மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்னால், எவ்வளவு போடுகிறோம் என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் அரிசி அளப்பது இன்னமும் பால் டின்னில்தான். ஒரு டின்னுக்குக் கால் கிலோ அரிசி பிடிக்கும். ஆக்கினால் முக்கால் கிலோவை நெருங்கும். அது சுமாராகச் சாப்பிடும் மூவருக்குத் தாராளம். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லிலிட்டர், அதில் 150 கிராம் அரிசி. டின்னையும் கப்பையும் ஒன்றாக நினைத்து மாற்றி மாற்றி அளக்கும் வீடுகள் நிறைய. அம்மா டின்னில் போடுவார், மருமகள் கப்புக் கோட்டுக்குத் தண்ணீர் வைப்பார். சோறு வேகாமல் விறைத்தால் அது அரிசியின் குற்றம் ஆகிவிடும்.

நாளுக்கு அரை டின் கூடுதலாகப் போட்டுக் கொட்டுகிற வீடு, ஆண்டுக்கு 45 கிலோ அரிசியைக் கொட்டுகிறது. பத்துக் கிலோ மூட்டையில் நாலரை. உள்ளூர் அரிசி கிலோ 2 வெள்ளி 60 சென் என்று வைத்துக்கொண்டாலும் 117 வெள்ளி. பொன்னி அரிசிக்காரர்களுக்கு இன்னும் கூடும். 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது. செப்டம்பரில் பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. உடனே உள்ளூர் அரிசி கடை அலமாரிகளிலிருந்து காணாமல் போனது. நாட்டின் நெற்களஞ்சியத்தில் குடியிருந்துகொண்டே மூட்டை தேடி அலைந்ததை அதற்குள் மறந்திருக்க மாட்டோம். இரவுச் சோற்றுக்கு மட்டுமாவது ஆளை எண்ணி அரிசி போட்டுப் பாருங்கள். ஒரு பிடி குறைந்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். ரசம் இரண்டு கரண்டி கூடுதலாகக் குடிப்பார்கள்.

அப்படியும் மிஞ்சும். மிஞ்சினால் பயமில்லை, ஆனால் சோற்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெந்த சோற்றிலும் பிழைத்துக்கிடக்கும் ஒரு வகைக் கிருமி உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். நம் ஊர் வெக்கையில் சோறு மணிக்கணக்காக வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. “நல்லா சுட வச்சிட்டேன், ஒண்ணும் ஆகாது” என்பது இங்கே செல்லாது. ரைஸ் குக்கரில் ‘வார்ம்’ விளக்கு எரியும்வரை பரவாயில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு மூடியபடி விடிய விடிய வைத்திருப்பதுதான் வினை. சாப்பிட்டு முடித்த கையோடு மிச்சச் சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் டப்பாவில் போட்டு ஐஸ்பெட்டிக்கு அனுப்பிவிட வேண்டும். மறுநாளே தீர்ப்பது நல்லது. சூடாக்குவது ஒரே முறை, அதுவும் தேவையான அளவு மட்டும்.

பழைய சோறு வேறு கணக்கு. ஆறிய சோறு மூழ்கும்படி அன்றிரவே தண்ணீர் ஊற்றினால் இரவெல்லாம் புளிக்கிறது. தயிரைப் புளிக்கவைக்கும் இனத்து நுண்ணுயிர்கள் அதில் வேலை செய்கின்றன. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோறு கொடுத்து ஆய்வே நடத்தியிருக்கிறார்கள். ஆனால், காலையில் எழுந்து, ராத்திரி முழுக்க மூடிக்கிடந்த சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு அதைப் பழையது என்று சொல்வது பழையதுக்கே அவமானம். மோர், சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு, ஒரு துண்டு பெலாச்சான் சம்பால். வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளையும் உட்காரவைத்து இப்படிப் பசியாறிப் பாருங்கள். நீரிழிவுக்காரர்களுக்கு இதுவும் சோறுதான், அளவு அதே அளவுதான்.

ஐஸ்பெட்டியில் விறைத்த சோறு நாசி கோரேங்குக்குப் புதுச் சோற்றைவிட ஏற்றது. பருக்கை இறுகியிருப்பதால் சட்டியில் ஒட்டாது, குழையாது. நெத்திலியும் பச்சை மிளகாயும் போதும். மிச்சச் சோற்றோடு கொஞ்சம் கடலை மாவு, வெங்காயம், கறிவேப்பிலை பிசைந்து பக்கோடாவாகப் போட்டால், அது பழைய சோறு என்று வேலை முடிந்து வருகிறவருக்குத் தெரியாது. சொல்லவும் வேண்டாம்.

குழம்பில் முந்தவேண்டியது தேங்காய்ப்பால் விட்டது. அது சீக்கிரம் கெடும், இரவே தீர்த்துவிட வேண்டும். புளிக்குழம்பும் மீன்குழம்பும் மறுநாள்தான் ருசி. பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைப்பது நமக்குத் தெரியும். தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதியைப் பூசணி போலவே கூட்டு வைக்கலாம் என்பதை நிறையப் பேர் இன்னும் நம்பமாட்டார்கள்.

திருமணம், திருவிழா மிச்சத்துக்குச் சட்டமே துணை இருக்கிறது. உணவு நன்கொடையாளர் பாதுகாப்புச் சட்டம் 2020-இலேயே நடைமுறைக்கு வந்தது. நல்லெண்ணத்தோடு, கவனக்குறைவில்லாமல் கொடுத்த உணவுக்காகக் கொடுத்தவர் மேல் வழக்கு வரும் என்ற பயம் வேண்டாம். ஆனால் விருந்து முடிந்த நள்ளிரவில் ஆள் தேடினால் கிடைக்காது. சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும் நாளிலேயே, மிஞ்சினால் எந்த இல்லத்துக்கு, யார் வண்டியில், எத்தனை மணிக்கு என்று பேசிவிட வேண்டும்.

வீட்டு விருந்துக்கு வழி நம் பாட்டிகள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் பொங்கல் மறுநாள் மிஞ்சிய அவியல், கூட்டு, சாம்பார், புளிக்குழம்பு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டிச் சுண்டக்கறி வைப்பார்கள். பினாங்கிலும் சீனர் வீடுகளில் இதே புத்தி வேலை செய்திருக்கிறது: விருந்து மிச்ச இறைச்சிகளோடு கடுகுக்கீரை, புளி, காய்ந்த மிளகாய் சேர்த்துக் கொதிக்கவைப்பதை ‘சாய் போய்’ என்கிறார்கள். பெயருக்கு அர்த்தமே மிச்சம்தான். அதற்காகவே விருந்தில் கொஞ்சம் எடுத்து ஒதுக்குகிற வீடுகளும் உண்டு.

தீபாவளி மறுநாள் நம் வீட்டிலும் ஒரு சுண்டக்கறி வைக்கலாம். சைவம் தனி, அசைவம் தனி. குருமாவில் தேங்காய்ப்பால் இருந்தால் அதைச் சேர்க்க வேண்டாம். அடி கனமான சட்டியில் சிறு தீயில் வைத்து, அடிக்கடி கிளறி, எண்ணெய் மேலே மிதக்கும்வரை சுண்டவிடுங்கள். உப்பு ஏற்கெனவே ஏறியிருக்கும், மேலே போடாதீர்கள். புளித்தண்ணீர் கொஞ்சம் விட்டால் சரியாகிவிடும். இறக்கியபின் எல்லார் தட்டிலும் ஒரே அளவாகப் பரிமாறுங்கள், அம்மா தட்டில் சுடுசோறு வைத்து.