வாசமில்லாத மல்லிகை

லண்டனின் வடமேற்கே ஹரோவில் வசிக்கும் என் தமக்கையாரின் வீட்டில் சென்ற மார்கழி மாதத்தைக் கழித்தேன். வீட்டின் முன்புறத்தில் ஒரு கார் நிற்கக்கூடிய அளவில் துண்டு நிலம் இருக்கின்றது. அதற்குச் சீமெந்து போட்டு இரண்டாவது காரை நிறுத்தலாம் என்பது மருமகனின் யோசனை. "குளிர்காலம் முழுக்க அதிலை ஒண்டும் பூக்காது, மாமா" என்பது அவரது வாதம். எம்மவர் பலர் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கின்றேன். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் எம்மவர் கறிவேப்பிலையையும் மல்லிகையையும் சாடியில் வளர்த்து, குளிர் தொடங்கியதும் வரவேற்பறைக்குள் தூக்கி வந்து, கைக்குழந்தையைப் போலப் பராமரிக்கின்றார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அந்தக் குளிருக்கே உரிய பூக்கன்றுகள் வாசலுக்கு வெளியே வளரும் என்பதை ஏனோ கண்டுகொள்வதில்லை.

பான்சியை எடுத்துக்கொள்ளுங்கள். புரட்டாதி, ஐப்பசியில் நட்டால் குளிரிலும் பூக்கும். உறைபனி விழுந்த காலையில் துவண்டு, செத்துவிட்டது போலக் கிடக்கும். பனி உருகியதும் நிமிர்ந்துவிடும். குளிருக்குப் பழகிய கன்றின் கலங்களில் சர்க்கரை சேர்கின்றது. கலத்துள் இருக்கும் நீரில் ஒரு பகுதி வெளியேறி, கலங்களுக்கு இடையே உறைகின்றது. அதனால் கலம் சிதையாமல் தப்புகின்றது. தை, மாசியில் மலரும் வெண்ணிற ஸ்னோட்ரொப்பும் இப்படித்தான் தலை சாய்ந்து எழும். சாடியில் வைப்பவர்கள் குளிரைவிட அடியில் தேங்கும் நீருக்கே அதிகம் பயப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் என்னைக் கவர்ந்தது பக்கத்து வீட்டு வேலியில் கண்ட குளிர்கால மல்லிகை. இலையே இல்லாத பச்சைத் தண்டுகளில் மஞ்சள் மஞ்சளாகப் பூக்கள். பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை செல்சியசையும் அது தாங்கும். 1844 இல் இதனைச் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் றொபேட் போர்ச்சூன். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சீனத் தேயிலைக் கன்றுகளை இந்தியாவுக்குக் கடத்திய அதே மனிதர். நமது மல்லிகையின் இனமேதான். மணம் மட்டும் இல்லை.

"வாசமில்லாட்டில் அதென்ன மல்லிகை, தம்பி?" என்றார் அக்கா.

யாழ்ப்பாணத்தில் அக்கா விடியற்காலையில் தட்டத்துடன் முற்றத்தில் இறங்கி, செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் ஆய்ந்து வந்த பின்னர்தான் தேநீர் குடிப்பார். லண்டனிலோ மார்கழியில் பிற்பகல் நான்கு மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகின்றது. கதவைத் திறப்பதற்கு அவருக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. கடையில் வாங்கிய பூ சுவாமிப் படத்தில் ஒரு வாரம் கிடக்கும். நான் பூத்திருந்த பான்சிக் கன்றுகள் ஆறினை வாங்கி வாசலில் இரண்டு சாடிகளில் வைத்தேன். மூன்றாம் நாள் காலை, ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கம்பளிச் சட்டைகள் அணிந்து, தட்டத்துடன் அக்கா வெளியே நின்றார். பூவைக் கிள்ளிவிட்டால் விதை கட்டாமல் மேலும் மொட்டு வைக்கும் கன்று அது. அவருக்கு அது வசதியாகப் போயிற்று. வாசமில்லாத பூவைச் சுவாமிக்கு வைக்கலாமா என்று வீட்டில் ஒரு விவாதமும் எழுந்தது. எருக்கம்பூவையும் அறுகம்புல்லையும் ஏற்கும் பிள்ளையார் இதற்கா முகம் சுளிக்கப் போகின்றார்?

மருமகனிடம் நான் சொன்னது இதுதான்: காரைத் தெருவில் நிறுத்து, வேலியோரம் அந்த மல்லிகையை நடு, பூத்து முடிந்ததும் பங்குனியில் கிளைகளை வெட்டிவிடு, புதிதாக வளரும் கிளைகளில்தான் அடுத்த குளிருக்குப் பூக்கும். "யோசிப்பம், மாமா" என்றார்.

சீமெந்து வேலைக்குப் பேசியிருந்த ஆளை இன்னும் வரச்சொல்லவில்லை என்று அக்கா நேற்றுத் தொலைபேசியில் தெரிவித்தார்.