அன்லிமிடெட் போடச் சொல்ற மகராசன்களே, கொஞ்சம் நில்லுங்க!

மெயில் சர்வர் தகராறுன்னு யார்கிட்ட போனாலும் ஒரே வைத்தியம்தான். "ப்ராசஸ் லிமிட் பத்தலைங்க, ஏத்தி விடுங்க!" தலைவலிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான்.

நண்பர் ஆபீஸ்ல 2 ஜிபி மெமரியோட ஒரு சின்ன சர்வர், போஸ்ட்ஃபிக்ஸ் ஓடுது. வெளியிலேர்ந்து வர்ற மெயில் லேட்டாகுதுன்னு புகார். லாக் தெளிவாத்தான் சொல்லுது: 100 ப்ராசஸ் எல்லையைத் தொட்டாச்சு, எண்ணிக்கையைக் கூட்டு, அல்லது ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் ஆகுற நேரத்தைக் குறை. நம்மாளுங்க 'அல்லது'க்கு அப்புறம் படிக்கறதே இல்லை!

யாரோ ஒரு புண்ணியவான் பேச்சைக் கேட்டு 100-ஐ 1000 ஆக்கி, ஸ்பாம் ஃபில்டர் ப்ராசஸை 2-லேர்ந்து 50 ஆக்கி, லிமிட்ஸ்.கான்ஃப்ல 'அன்லிமிடெட்'னு ஒரு வரியும் சேர்த்துட்டாங்க. (அந்தக் கடைசி வரி வெறும் அலங்காரம். சிஸ்டம்டி கிளப்பி விடுற சர்வீஸ் அந்த ஃபைலைத் திரும்பிக்கூடப் பாக்காது. அங்க டாஸ்க்ஸ்மேக்ஸ்னு தனி எல்லை இருக்கு.)

ஃபில்டர் ஒண்ணுக்கு 100 எம்பின்னு வச்சாலும் 50-க்கு 5 ஜிபி. இருக்கறதே 2! திங்கக்கிழமை காலையில ஸ்பாம் அலை அடிச்சதும் மெமரி காலி. கெர்னல் கத்தியை எடுத்து மைஎஸ்க்யூஎல்லைப் போட்டுத் தள்ளிடுச்சு. யூசர் பட்டியலே அதுக்குள்ளதான். மத்தியானத்துக்குள்ள பதில் போடவேண்டிய விலை விசாரிப்பு ஒண்ணு சாயங்காலம்தான் வந்து சேர்ந்துது. ஆர்டர் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு.

லிமிட் நம்ம எதிரி இல்லை சாமிகளா. எல்லை நிறைஞ்சா வர்றவன் வாசல்ல நிப்பான், முடியலைன்னா போயிட்டு மறுபடி வருவான். அனுப்புற சர்வர் 4-5 நாளாவது முயற்சி பண்ணணும்னு ஆர்எஃப்சி 5321 சொல்லுது. மெமரி தீர்ந்தா அந்த மரியாதையெல்லாம் கிடையாது. எக்ஸிம் நாம மாத்தாத வரைக்கும் 20 கனெக்ஷனோட நிறுத்திக்குது. எழுதினவங்களுக்கு எண்ணத் தெரியாதா என்ன?

உண்மையான வியாதி வேற. ஸ்பாம் தடுக்க வச்சிருந்த ப்ளாக்லிஸ்ட்ல ஒண்ணு எப்பவோ செத்துப்போச்சு. ஒவ்வொரு கனெக்ஷனுக்கும் அதுகிட்ட டிஎன்எஸ் கேள்வி கேட்டுட்டு, பதில் வராம 20 நொடி உக்காந்திருக்கு. போஸ்ட்ஃபிக்ஸ்ல ஒரு ப்ராசஸ் ஒரு சமயத்துல ஒரு கனெக்ஷனைத்தான் கவனிக்கும். அப்போ 100 ப்ராசஸ் இருந்தும் நொடிக்கு 5 பேர்தான். 1000 போட்டா? செத்தவனுக்காகக் காத்திருக்கற கூட்டம் பத்து மடங்கு, அவ்வளவுதான்.

பெரிய மெஷின், மெமரி நிறைய இருக்கு, கணக்குப் போட்டுத்தான் ஏத்தறீங்கன்னா தாராளமா ஏத்துங்க. எனக்கென்ன.

அந்த ப்ளாக்லிஸ்ட் வரியைத் தூக்கினோம். 1000 மறுபடி 100 ஆச்சு, ஃபில்டர் 4. அப்புறம் லாக்ல அந்த எச்சரிக்கையே காணோம். 'அன்லிமிடெட்' போட்டதாலதான் சரியாச்சுன்னு ஆபீஸ்ல ஒருத்தர் இன்னும் சொல்லிட்டுத் திரியறாராம் :-)